பிடிக்க ஆளில்லாத சட்டம்: யூத மரபு அதை எப்படிப் பார்க்கிறது?

நியூயார்க் நகரில் சிக்னல் சிவப்பாக இருக்கும்போது நடந்து சாலையைக் கடப்பது 1958 முதல் குற்றம். 2024-ல்தான் நகர மன்றம் அந்த விதியை மாற்றியது. இடையில் இருந்த அறுபத்துச் சொச்சம் ஆண்டுகளும் ஊரே கடந்துகொண்டுதான் இருந்தது. அபராதச் சீட்டு வாங்கியவர்கள் மிகக் குறைவு.

அதே நகரத்தில், குறிப்பாக புரூக்ளினில், மதச் சட்டத்தை வரி விடாமல் கடைப்பிடிக்கும் யூதர்கள் பெருந்தொகையாக வாழ்கிறார்கள். எதைச் சாப்பிடலாம், சனிக்கிழமை எந்தப் பொத்தானை அழுத்தலாம் என்பது வரை விதி பார்த்து நடப்பவர்கள். 2019-ல் அவர்களில் ஒருவர் ஆளரவமற்ற தெருவில் சிவப்பு விளக்கில் கடந்திருந்தால், அது நகராட்சியிடம் மட்டும் தவறா, கடவுளிடமும் தவறா?

இதற்கு வழக்கமாக மூன்று விதமான பதில்கள் சொல்லப்படுகின்றன. "யூதர்களுக்கு அவர்கள் மதச் சட்டம்தான்; நாட்டுச் சட்டம் அவர்களைக் கட்டாது" என்பது ஒன்று. "நாட்டுச் சட்டம் எதுவானாலும் அது தெய்வ கட்டளைதான் என்று அவர்கள் நூலிலேயே இருக்கிறது" என்பது இன்னொன்று. "பிடிக்க ஆளில்லாத சட்டம் சட்டமே இல்லை" என்பது மூன்றாவது; இதைச் சொல்பவர்களில் யூதர்களும் உண்டு. மூன்றுமே தவறு. மூன்றாவதில் மட்டும் ஒரு துளி உண்மை ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தத் துளி எது, எவ்வளவு என்பதைப் பிரித்துப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை.

மூன்றே சொற்கள்

யூத மதச் சட்டத்துக்கு ஹலாஹா என்று பெயர். அதன் பெரும்பகுதி தால்முத் என்ற பெருந்தொகுப்பில் நடக்கும் வாதங்களிலிருந்து வருகிறது. தால்முத் தீர்ப்புகளின் பட்டியல் அன்று. ஒருவர் ஒன்று சொல்ல, இன்னொருவர் மறுக்க, மூன்றாமவர் பழைய மேற்கோளைத் தூக்கிப்போடும் திண்ணைப் பேச்சு போன்றது.

அதில் நான்கு இடங்களில் ஒரே வாக்கியம் வருகிறது: தினா தெமல்ஹுத்தா தினா. அரமேய மொழி. பொருள்: "அரசின் சட்டம் சட்டமே." சொன்னவர் ஷ்முவேல் என்ற அறிஞர். 3-ஆம் நூற்றாண்டில், இன்றைய இராக்கில் இருந்த நெஹர்தேயாவில் வாழ்ந்தவர். பாரசீக சாசானியப் பேரரசு அப்போதுதான் தலையெடுத்திருந்தது. ஆள்பவர்கள் யூதர்கள் அல்லர். அவர்கள் வேறு மதம். அந்த ஆட்சியின் கீழ் வாழும் யூதர் அரசனின் வரியை, நிலப் பத்திர விதியை எப்படிப் பார்க்க வேண்டும் என்பதற்கு ஷ்முவேல் சொன்ன பதில் இது.

வாக்கியம் சொல்வதைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். "அரசனுக்கு அஞ்சி நட" என்றோ "மாட்டிக்கொள்ளாதே" என்றோ அது சொல்லவில்லை. அரசின் சட்டம், ஹலாஹாவின் கண்ணிலும் சட்டம் என்கிறது. அப்படியென்றால் ஏய்க்கப்பட்ட வரி ஒரு மதக் குற்றமும் ஆகிவிடுகிறது. ஏன் அப்படி? இந்த "ஏன்" தெரியாமல் கண்காணிப்பு பற்றிய கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது.

ஏன் கட்டும்: வாடகை வீடு, சீட்டு, ஊர்ச் சுவர்

ஷ்முவேல் காரணம் சொல்லவில்லை. பின்னால் வந்தவர்கள் தேடினார்கள். மூன்று விளக்கங்கள் முக்கியம்.

முதலாவது வாடகை வீடு. வீட்டுக்காரர் "மாடியில் துணி காயப்போடக் கூடாது" என்கிறார். பிடித்தால் இரு, இல்லாவிட்டால் காலி செய். 14-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் ஹெரோனாவில் இருந்த ரான் என்ற அறிஞர் இந்தப் பார்வையை எடுத்துச் சொல்கிறார். நாடு அரசனுடைய நிலம். "என் சொல்படி நடக்காவிட்டால் வெளியேற்றுவேன்" என்று சொல்லும் உரிமை நிலத்துக்காரனுக்கு உண்டு. அங்கே குடியிருப்பவன் அந்த நிபந்தனையை ஏற்றுக்கொண்டே குடியிருக்கிறான்.

இரண்டாவது சீட்டு. இருபது பேர் சேர்ந்து சீட்டு போடுகிறார்கள்; விதிமுறைக்கு எல்லோரும் தலையாட்டுகிறார்கள். அதன்பிறகு ஒருவர் "இந்த மாதம் தள்ளுத்தொகை எனக்குப் பிடிக்கவில்லை" என்று விலக முடியாது. 12-ஆம் நூற்றாண்டுப் பிரான்சில் வாழ்ந்த ரஷ்பாம் இதைத்தான் சொல்கிறார்: ஒரு நாட்டின் குடிகள் எல்லோரும் அரசனின் விதிகளைத் தாமே மனமுவந்து ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள், ஆகவே அது முழுமையான சட்டம். யூதச் சட்டத்தைத் தொகுத்து எழுதிய பேரறிஞர் மைமோனிடிஸ் (1138–1204) இதற்கு ஓர் அடையாளமும் தருகிறார். அரசனின் நாணயம் அந்த நாட்டில் செல்லுபடியாகிறதா என்று பார். மக்கள் அவன் காசை வாங்கி விற்கிறார்கள் என்றால் அவன் ஆட்சியை ஒப்புக்கொண்டுவிட்டார்கள் என்று பொருள். செல்லாவிட்டால் அவன் அரசனே இல்லை, ஆயுதம் வைத்திருக்கும் கொள்ளைக்காரன்.

மூன்றாவது ஊர்ச் சுவர். ஷ்முவேலுக்கும் முந்தைய மிஷ்னா என்ற தொகுப்பில் ஒரு விதி இருக்கிறது. ஊருக்கு மதிலும் இரட்டைக் கதவும் தாழ்ப்பாளும் போட, ஊரார் ஒருவரையொருவர் பணம் தரும்படி வற்புறுத்தலாம். வந்து பன்னிரண்டு மாதம் ஆனால்தான் ஊர்க்காரன். வீடு வாங்கிவிட்டால் அன்றைக்கே ஊர்க்காரன். அமெரிக்க அறிஞர் ஹெர்ஷல் ஷாக்டர் போன்றோர் இன்றைய வரியை இந்த வெளிச்சத்தில் பார்க்கிறார்கள். சாலை, தீயணைப்பு, பள்ளிக்கூடம் எல்லாம் பொதுச் செலவு. வரி கட்டாதவன் ஏமாற்றுவது ஏதோ தொலைதூர அரசனை அல்ல, தன் பங்காளியான பக்கத்து வீட்டுக்காரரை.

இந்தக் காரணங்களுக்கெல்லாம் முன்னால், தால்முத்திலேயே ராவா என்ற அறிஞர் ஒரு நடைமுறைச் சான்று தருகிறார். அரசனின் ஆட்கள் ஊராரின் பேரீச்ச மரங்களை வெட்டிப் பாலம் போடுகிறார்கள். நாம் எல்லோரும் அதன்மேல் நடந்து போகிறோம். அரசனின் சட்டம் சட்டமில்லை என்றால் அது திருட்டு மரம். திருட்டுப் பொருளைப் பயன்படுத்துவது தடை. நாம் தயங்காமல் நடக்கிறோமே, எப்படி?

இதுவரை பார்த்ததில் கவனிக்க வேண்டியது ஒன்று: நில உரிமை, ஒப்புதல், பங்காளித்தனம். மூன்றிலும் போலீஸ் கிடையாது, தண்டனை கிடையாது, பிடிபடும் வாய்ப்பு எவ்வளவு என்ற கணக்கும் கிடையாது.

எது சட்டம் ஆகாது

"அரசு சொன்னால் எல்லாம் தெய்வ கட்டளை" என்பவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

மிஷ்னாவில் ஓர் அதிர்ச்சியான வரி உண்டு. கொலைகாரன், கொள்ளைக்காரன், ஆயக்காரன் மூவரிடமிருந்தும் தப்பிக்க, "இந்தத் தானியம் ஆசாரியருக்கு உரிய காணிக்கை" என்று பொய்ச் சத்தியம்கூடச் செய்யலாம் என்கிறது. தமிழ் பைபிள் படித்தவர்களுக்கு ஆயக்காரனைத் தெரிந்திருக்கும். சுங்கம் வசூலிப்பவன், எபிரேயத்தில் மோஹெஸ். தால்முத் உடனே கேட்கிறது: அரசின் சட்டம் சட்டம் என்று ஷ்முவேல் சொன்னாரே, வரி வசூலிப்பவனை ஏன் கொலைகாரனோடு சேர்த்தார்கள்? இரண்டு பதில்கள் வருகின்றன. இங்கே சொல்லப்படுவது அளவில்லாமல் பிடுங்கும் ஆயக்காரன். அல்லது, யாரும் நியமிக்காமல் தானாகவே வழியில் உட்கார்ந்துகொண்டவன்.

இந்த இரண்டு பதில்களில் முழு எல்லைக்கோடும் அடங்கியிருக்கிறது. சட்டம் என்றால் அளவு வேண்டும்; அதிகாரம் வேண்டும். மைமோனிடிஸ் இதைச் செதுக்கித் தருகிறார். மூன்றில் ஒன்றோ நான்கில் ஒன்றோ, அரசன் அளவு குறித்து, கூடுதலாக வாங்கமாட்டான் என்று பெயர் எடுத்தவனை வசூலுக்கு வைத்தால், அந்த வரியை ஏய்ப்பவன் அரசனின் பங்கைத் திருடுகிறான். அரசன் யூதனா, அந்நியனா என்பது பொருட்டல்ல. ஆனால் எல்லோருக்கும் பொதுவான, எல்லோருக்கும் தெரிந்த சட்டப்படி இல்லாமல், ஒருவனிடம் மட்டும் பிடுங்கினால் அது அரசன் செய்தாலும் கொள்ளை.

13-ஆம் நூற்றாண்டின் நஹ்மானிடிஸ் இன்னொரு நுட்பம் சேர்க்கிறார். (யூத மரபில் முன்னவரை ரம்பாம் என்றும் இவரை ரம்பான் என்றும் அழைப்பார்கள்; கடைசி எழுத்தைக் கவனிக்காமல் ஆளை மாற்றி மேற்கோள் காட்டுவது அடிக்கடி நடக்கும் விபத்து.) ஷ்முவேல் "அரசனின் சட்டம்" என்று சொல்லவில்லை, "அரசின் சட்டம்" என்றார். முன்னிருந்த அரசர்களும் நடத்திய, ஏட்டில் எழுதி நிலைத்த சட்டம்தான் கட்டும். ஒருவனுக்கு இன்று காலை தோன்றிய கட்டளை கட்டாது.

16-ஆம் நூற்றாண்டில் யோசேப் காரோ தொகுத்த ஷுல்ஹான் அரூஹ்தான் இன்றும் அடிப்படைச் சட்டநூல். அதற்கு போலந்தின் கிராகோவிலிருந்து குறிப்பு எழுதிய மோஷே இஸ்ஸர்லெஸ் மேலும் வரம்பு கட்டுகிறார். அரசுக்குப் பயன்தரும் விதிக்கும் நாட்டு மக்களின் நன்மைக்கான விதிக்கும்தான் இந்தக் கொள்கை. இரண்டு யூதர்களுக்கு இடையிலான வழக்கையெல்லாம் அரசுச் சட்டப்படியே தீர்ப்பதென்றால் யூதச் சட்டமே இல்லாமல் போய்விடும் என்கிறார். உணவு, திருமணம், ஓய்வுநாள் போன்ற மதக் கடமைகளில் அரசின் சொல் நுழையவே நுழையாது. பன்றி இறைச்சியைச் சாப்பிடு என்று நாடாளுமன்றம் ஏகமனதாகத் தீர்மானம் போட்டாலும் அது கட்டாது.

ஆக, பொதுவானதா, அளவும் அதிகாரமும் உள்ளதா, நிலைத்ததா, அரசு அல்லது மக்களின் நன்மை சார்ந்ததா என்று பார்த்து, ஆம் என்றால் ஹலாஹா அதைச் சட்டமாக ஏற்கிறது.

கண்காணிப்பு எங்கே வருகிறது

இப்போது கேள்விக்கு வரலாம். பிடிக்க ஆளில்லாவிட்டால்?

ஹலாஹாவுக்கு இந்தக் கேள்வியே கொஞ்சம் விநோதமாகப் படும். அதன் சொந்த விதிகளில் பெரும்பாலானவற்றுக்குப் பிடிக்க ஆளே கிடையாது. உபாகமம் 22:8, புது வீடு கட்டினால் மொட்டை மாடிக்குக் கைப்பிடிச்சுவர் கட்டச் சொல்கிறது. அதன் உயரம் குறைந்தது பத்துக் கைப்பிடி அகலம். எந்தக் கணக்கை எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து ஏறக்குறைய 80 முதல் 96 சென்டிமீட்டர். விழப்போகிறவர் சாய்ந்தாலும் தாங்கும் பலம் வேண்டும். நாலு முழத்துக்கு நாலு முழம்கூட இல்லாத சிறு கட்டடத்துக்கு விலக்கு. இத்தனை நுணுக்கம் சொல்லும் விதிக்கு இன்று அளவு நாடாவோடு வரும் அதிகாரி யாரும் இல்லை. அதனால் கடமை குறைந்துவிட்டது என்று எந்த அறிஞரும் சொன்னதில்லை.

எனவே, பிடிபடமாட்டோம் என்பது விதிவிலக்கு ஆகாது. சீட்டில் தலையாட்டியவன், கணக்குப் பார்ப்பவர் தூங்குகிறார் என்பதற்காகக் கடன் தீர்ந்தவன் ஆகமாட்டான்.

ஆனால் கண்காணிப்பின்மை ஒரு தடயமாக இருக்கலாம். கடமையை அது நேரடியாகக் கரைக்காது. கடமைக்கு அடித்தளமான ஒன்று அங்கே இல்லை என்று காட்டிக்கொடுக்கலாம். மேலே சொன்ன ஒரு துளி உண்மை இதுதான். காய்ச்சல் நோய் அல்ல, நோயின் அறிகுறி என்பது போல. எந்த நோய் என்று தெரிய, கண்காணிப்பு ஏன் இல்லை என்று கேட்க வேண்டும். மூன்று விடைகள் வரலாம்: அரசுக்கு முடியவில்லை, அரசுக்கு வேண்டாம், அரசு சிலரை மட்டும் பிடிக்கிறது. இந்த மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிப் பேசுவதால்தான் விவாதங்கள் சுற்றிச் சுற்றி வருகின்றன.

முடியவில்லை: 26 டாலர் 50 சென்ட்

அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் விற்பனை வரி 6.625 சதவீதம். பக்கத்து டெலவேரில் விற்பனை வரியே இல்லை. நியூஜெர்சியின் டீனெக் நகரில் பக்தியுள்ள யூதக் குடும்பங்கள் ஏராளம். அங்கிருந்து ஒருவர் டெலவேருக்குப் போய் 400 டாலருக்கு ஒரு மேசை வாங்கி, வண்டியில் கட்டி வீட்டுக்குக் கொண்டு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். கடையில் வரி கொடுக்கவில்லை. ஆனால் விவகாரம் அங்கே முடியவில்லை. வெளியே வாங்கி உள்ளே பயன்படுத்தும் பொருளுக்கு அதே விகிதத்தில் பயன்பாட்டு வரி உண்டு. கணக்கு: 400 × 0.06625 = 26 டாலர் 50 சென்ட்.

இதை யார் பிடிப்பார்கள்? யாரும் இல்லை. மேசை வந்தது பக்கத்து வீட்டுக்காரருக்கு மட்டும் தெரியும். தாமாக முன்வந்து கட்டுபவர்கள் நாடு முழுக்கவே சொற்பம்.

ஆனால் படிவத்தைப் பாருங்கள். மாநில வருமான வரிப் படிவத்தில் இதற்கென்று தனி வரி இருக்கிறது. கட்ட வேண்டியது ஒன்றுமில்லை என்றால் 0.00 என்று எழுதச் சொல்கிறது. ரசீது தொலைத்தவர்களுக்கு வருமானத்தை வைத்து உத்தேசமாகக் கணக்கிட அட்டவணையும் தருகிறது. இணையக் கடைகளே வரியைப் பிடித்துச் செலுத்த வேண்டும் என்று மாநிலங்கள் பல ஆண்டுகள் வழக்காடி, 2018-ல் உச்ச நீதிமன்றத்தில் வென்றன. இந்தப் பணம் வேண்டாம் என்று விட்டுவிட்ட அரசு செய்யும் வேலையா இது? வேண்டும், ஆனால் வீடு வீடாக வந்து மேசையை எண்ண ஆளில்லை. அவ்வளவுதான்.

மைமோனிடிஸின் அளவுகோலை வைத்துப் பார்த்தால் இது பொதுவான வரி, அளவு குறித்த வரி, அதிகாரமுள்ள அரசின் வரி. எனவே பங்கைத் திருடாதே என்ற விதி அப்படியே நிற்கிறது. மேசையை வீட்டில் வைத்துக்கொண்டு 0.00 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் இரண்டாவது தவறும் சேர்கிறது: பொய். கள்ளக் காரியத்துக்குத் தூரமாயிரு என்ற யாத்திராகமக் கட்டளை (23:7) வரிச் சட்டத்தை நம்பி நிற்பதில்லை. அது தனி விதி. பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள். "இந்த வரி ஹலாஹாவில் கட்டுமா கட்டாதா" என்று நெடுநேரம் வாதிட்டு, கையெழுத்து என்ற சின்ன விஷயத்தை மறந்துபோகிறார்கள். வரி பற்றி ஆயிரம் கருத்து வேறுபாடு இருக்கட்டும். பொய்க் கையெழுத்துக்கு வக்காலத்து வாங்குவது கடினம்.

வேண்டாம்: யாரும் ஏற்காத எண்ணெய்த் தடை

அடுத்த வகைதான் சுவையானது. அரசுக்கே அக்கறை இல்லாமல் ஏட்டில் மட்டும் கிடக்கும் விதி.

யூத மரபுக்குள்ளேயே இதற்கு ஓர் இணை இருக்கிறது. அந்நியர்களின் எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்று ஒரு பழைய தடை இருந்தது. பின்னாளில் ரப்பி (யூத மத அறிஞர்) யெஹுதா நெசியாவும் அவரது மன்றமும் அதை நீக்கினார்கள். தால்முத் சொல்லும் காரணம்: விசாரித்துப் பார்த்தார்கள், அந்தத் தடை இஸ்ரவேலரில் பெரும்பாலோரிடம் பரவவே இல்லை. பெரும்பான்மை மக்களால் தாங்க முடியாத தடையை மக்கள்மேல் சுமத்தக் கூடாது என்பது அதற்குப் பின்னால் இருக்கும் கொள்கை. மைமோனிடிஸ் இதைப் பொதுவிதியாகவே எழுதுகிறார்: மன்றம் போட்ட தடை பெரும்பாலோரிடம் பரவவில்லை என்றால் அது செல்லாது, மக்களை வற்புறுத்தக் கூடாது.

தன் சொந்த மன்றத்தின் ஆணைக்கே இந்த அளவுகோல் என்றால், மக்களின் ஒப்புதலால் நிற்கும் அரசுச் சட்டத்துக்கு அது இன்னும் பொருந்தாதா? பொருந்தும் என்பது ஒரு வாதம். குடிகள் மனமுவந்து ஏற்றார்கள் என்பதுதான் ரஷ்பாமின் காரணம். குடிகளும் ஏற்கவில்லை, காவலரும் ஏற்கவில்லை என்றால் அந்தக் காரணம் ஆட்டம் காண்கிறது. கூலிக்காரர் எத்தனை மணிக்கு வர வேண்டும், சோறு போட வேண்டுமா என்பதற்கெல்லாம் மிஷ்னா "எல்லாம் ஊர் வழக்கப்படி" என்றே முடிக்கிறது. ஏட்டில் உள்ளதைவிட நடப்பதே சட்டம் என்ற உணர்வு இந்த மரபில் ஆழமாக உண்டு.

பேரீச்ச மரத்துக்குத் திரும்புவோம். ராவாவை ஒருவர் மடக்குகிறார்: அரசன் சொன்னது எல்லாத் தோப்புகளிலும் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டு என்று, ஆட்களோ சோம்பல்பட்டு ஒரே தோப்பை மொட்டையடிக்கிறார்கள், அது எப்படிச் சட்டம்? பதில்: அரசனின் ஆள் அரசனைப் போல, அவன் அலைந்து திரிய மாட்டான், மற்றத் தோப்புக்காரர்களிடம் பங்கு வசூலித்துக்கொள்வது மரக்காரனின் பாடு. ஆக, கீழ்மட்ட ஆள் நடத்தும் விதத்துக்கும் மதிப்பு உண்டு. நியூயார்க் போலீஸ்காரர் அறுபது ஆண்டுகள் கண்டுகொள்ளாமல் நின்றதற்கும் பொருள் உண்டு என்று இதிலிருந்து இழுக்கலாம். ஆனால் கத்தி மறுபக்கமும் வெட்டும். ஆள் சோம்பல்பட்டதால் சட்டம் ரத்தாகிவிடவில்லை என்பதும் அதே வரியில்தான் இருக்கிறது.

இந்த வாதத்தைத் தாராளமாகப் பயன்படுத்துபவர்கள் ஒரு விவரத்தை விட்டுவிடுகிறார்கள் என்பது என் கருத்து. எண்ணெய்த் தடையை நீக்கியது ஒரு மன்றம். அதுவும் விசாரித்துப் பார்த்து. ஒவ்வொருவரும் அவரவர் அடுக்களையில் நின்றுகொண்டு "இது பரவவில்லை" என்று தீர்ப்பு எழுதவில்லை.

நியூயார்க் பாதசாரி இந்தச் சோதனையில் ஏறக்குறைய தேறுகிறார். தலைமுறை தலைமுறையாக மக்கள் கைவிட்ட விதி, காவலர் கைவிட்ட விதி, கடைசியில் நகர மன்றமும் ஒப்புக்கொண்ட விதி. நெடுஞ்சாலையில் 65 மைல் வரம்பில் 72-ல் போகிறவரின் நிலை வேறு. எல்லோரும் அப்படித்தான் போகிறார்கள், போலீஸ்காரரும் விட்டுவிடுகிறார், உண்மை. ஆனால் அதே போலீஸ்காரர் நாளை மனம் மாறிச் சீட்டு எழுதினால் அது செல்லும். நீதிமன்றமும் அபராதம் போடும். அது ஏட்டோடு செத்த சட்டம் இல்லை. உயிருள்ள சட்டத்தில் காட்டப்படும் இரக்கம். இரக்கம் காட்டியவரே அனுமதி தந்துவிட்டதாக நினைப்பது ஏழு மைல் தூரம் தாண்டிய வாதம்.

சிலரை மட்டும்

மூன்றாவது வகையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஏட்டில் எல்லோருக்கும் பொது. நடைமுறையில் ஒரு தெருக்காரர்களுக்கு மட்டும் அபராதம். பிடுங்கப்படுபவர் பக்கமிருந்து பார்த்தால் இது மைமோனிடிஸ் சொன்ன கொள்ளைக்கு மிக அருகில் வருகிறது. ஆனால் பிடிபடாத தெருக்காரருக்கு இதில் எந்தச் சலுகையும் இல்லை. அநியாயம் அடுத்தவனுக்கு நடப்பதால் எனக்குக் கடமை குறையாது.

பக்கத்துக் கதவுகள்

அரசின் சட்டம் கட்டுகிறதா என்பது ஒரு கதவுதான். அது மூடியிருந்தாலும் வேறு கதவுகள் வழியாகக் கடமை உள்ளே வரும். நடைமுறையில் பெரும்பாலான கேள்விகள் இந்தக் கதவுகளில்தான் தீர்கின்றன.

பெரிய கதவு உயிர்ப் பாதுகாப்பு. கைப்பிடிச்சுவர் விதியிலிருந்து, ஆபத்தான எதையும் நீக்க வேண்டும் என்ற பொதுக்கடமையை ஷுல்ஹான் அரூஹ் வருவிக்கிறது. மதத் தடையைவிட ஆபத்தில் அதிகக் கண்டிப்பு வேண்டும் என்பது தால்முத்தின் வழிமுறை. நியூயார்க்கில் தீயணைப்புக் குழாயிலிருந்து இருபுறமும் 15 அடிக்குள் வண்டி நிறுத்தக் கூடாது. "அபராதம் என்பது நிறுத்தக் கட்டணம் மாதிரிதான், கட்டிவிட்டால் சரி" என்று சிலர் சொல்வதுண்டு. கட்டண மீட்டர் உள்ள இடத்துக்கு அந்த வாதம் ஓரளவு ஓடலாம். அங்கே அரசு விற்பது இடம். குழாய் முன்னால் ஓடாது. எரியும் வீட்டுக்குத் தண்ணீர்க் குழாய் இழுக்கும் வழியை யாரும் விற்கவில்லை. இரவு பதினொரு மணிக்குச் சீட்டு எழுத ஆள் வரமாட்டார் என்பது இங்கே கேள்வியே இல்லை.

இன்னொரு கதவு ஹில்லுல் ஹாஷெம்: கடவுளின் பெயருக்கு இழுக்கு. பக்தியின் அடையாளங்களோடு நடமாடும் ஒருவர் சில்லறை ஏமாற்று செய்து பிடிபட்டால், செய்தியில் அவர் பெயர் வராது, "தொப்பி போட்ட யூதர்" என்று வரும். சட்டம் கட்டுமா என்பதில் நியாயமான சந்தேகம் இருந்தாலும் இந்த ஒரு காரணத்துக்காகவே பல ரப்பிகள் "செய்யாதே" என்பார்கள். சந்தேகமே இல்லாத அரசு உதவித்தொகை மோசடி போன்றவற்றில் 20-ஆம் நூற்றாண்டின் பெரிய தீர்ப்பாளர் மோஷே ஃபைன்ஸ்டைன் கடுமையாகவே எழுதியிருக்கிறார். பள்ளிக்கூடத்துக்கான பணம் என்றாலும் விலக்கு இல்லை.

ஒருவர் ரப்பியிடம் இப்படிப்பட்ட கேள்வியோடு போனால் உரையாடல் ஏறக்குறைய இந்த வரிசையில் நடக்கும். யாருக்காவது ஆபத்து உண்டா? உண்டென்றால் பேச்சு அங்கேயே முடிந்தது. எங்காவது பொய் சொல்லவோ கையெழுத்துப் போடவோ வேண்டியிருக்கிறதா? யாருடைய பணம் இது? சட்டம் பொதுவானதா? இவ்வளவும் கடந்த பிறகுதான், பிடிப்பதில்லையே என்ற பேச்சு. அதுவும் ஏன் பிடிப்பதில்லை என்ற கேள்வியாக. இணையத்தில் வாதிடுபவர்கள் கடைசிக் கேள்வியை முதலில் எடுத்து வைத்துக்கொள்கிறார்கள்.

இஸ்ரேல் என்ற சிக்கல்

யூதர்களே ஆளும் நாட்டில் இந்தக் கொள்கை உண்டா? வாடகை வீட்டு விளக்கத்தை ரான் எடுத்துச் சொன்னபோதே அதிலிருந்து வரும் விளைவையும் சொன்னார்: இஸ்ரவேல் தேசம் எல்லா இஸ்ரவேலருக்கும் பங்குள்ள நிலம், அங்கே அரசன் யாரையும் வெளியேற்ற முடியாது, ஆகவே அங்கே அந்த வாதம் நடக்காது. நாட்டின் அதிகாரத்தை ஏற்காத சில தீவிரக் குழுக்களுக்கு இது வசதியான மேற்கோள்.

ஆனால் ரஷ்பாமின் சீட்டு விளக்கத்துக்கு யார் நிலம் என்பது பொருட்டல்ல. தேர்தல் நடத்தி ஆட்களை அனுப்பும் நாட்டில் ஒப்புதல் இன்னும் தெளிவு. ஊர்ச் சுவர் விளக்கமோ யூத ஊரை மனத்தில் வைத்தே எழுதப்பட்டது. அரசன் இல்லாத காலத்தில் அரசனின் அதிகாரம் மக்களிடம் திரும்புகிறது என்று, இஸ்ரேல் உருவாகும் முன் அங்கே தலைமை ரப்பியாக இருந்த ஆப்ரஹாம் ஐசக் குக் எழுதினார். வரியும் சுங்கமும் கட்ட வேண்டும், இஸ்ரேலிலும் அரசின் சட்டம் சட்டமே என்று, பின்னாளில் இஸ்ரேலின் தலைமை ரப்பிகளில் ஒருவராக இருந்த ஓவாதியா யோசேப் தீர்ப்பளித்தார்.

இதனால் ஜெருசலேமில் சிவப்பு விளக்கில் நடந்து கடப்பவரின் நிலை நியூயார்க்காரரிலிருந்து மாறுபடுகிறது. இஸ்ரேலில் பாதசாரிக்கும் அபராதம் உண்டு, போலீஸ்காரர் எழுதவும் செய்வார். நள்ளிரவு, கண்ணுக்கெட்டிய தூரம் வண்டி இல்லை; ஆனாலும் எதிர்ப்புறம் சிவப்பு விளக்கைப் பார்த்தபடி ஆட்கள் நிற்பதை அங்கே சாதாரணமாகக் காணலாம். அவர்களில் எத்தனை பேர் அபராதத்துக்காக நிற்கிறார்கள், எத்தனை பேர் ஷ்முவேலுக்காக நிற்கிறார்கள் என்று வெளியிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது.